சதர்க்கின் டாபர்டு விடுதி: பாலத்தடியில் பிறந்து ரயிலடியில் முடிந்த கதை

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், இலண்டன் பாலம் வந்து இறங்கும் இடத்தில் அமைந்திருக்கும் சதர்க், இன்று இலண்டன் மாநகரின் உட்பகுதிகளுள் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தாலும், இடைக்காலத்தில் தனக்கென்று தனி நிர்வாகமும் தனிக் குணமும் கொண்ட ஊராகவே இருந்தது. 1295 முதல் ஆங்கில நாடாளுமன்றத்துக்குத் தன் சார்பில் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது. அந்த ஊரின் முதன்மைத் தெருவில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இயங்கி, 1873இல் இடிக்கப்பட்டது டாபர்டு என்னும் பயணியர் விடுதி. ஆங்கிலக் கவிதையின் தொடக்ககாலப் பெருங்கவிஞரான ஜெஃப்ரி சாசர், தம்முடைய ‘கேன்டர்பரி கதைகள்’ என்னும் நூலின் யாத்திரிகர்களை ஒன்றுகூடச் செய்த இடம் இதுவே என்பதால், இங்கிலாந்தில் இதைவிடப் பெயர்பெற்ற விடுதி வேறொன்று இருந்ததில்லை என்றே சொல்லலாம். இருந்தும் அந்தப் பெயர் அதைக் காப்பாற்றவில்லை. விடுதியின் வரலாற்றை நெடுகப் பார்த்தால், அதை வாழவைத்ததும் வீழ்த்தியதும் இலக்கியமல்ல, போக்குவரத்தே என்பது தெளிவாகும்.

இங்கிலாந்தின் பழைய மதுச்சாலைகள் அனைத்தையும் இன்று ‘பப்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரை அந்நாட்டுச் சட்டமும் மக்களும் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தே பார்த்தனர். பார்லியிலிருந்து வடிக்கப்படும் ‘ஏல்’ என்னும் மதுவை விற்கும் எளிய கடை, பெரும்பாலும் ஒரு குடியானவரின் வீட்டு முன்னறையே, ஏல்கடை எனப்பட்டது. இறக்குமதியான திராட்சை மதுவைச் சற்று வசதி படைத்தவர்களுக்கு விற்றது டாவர்ன். மூன்றாவதான ‘இன்’ என்பதே பயணிக்கு உணவும் படுக்கையும், அவருடைய குதிரைக்குத் தீவனமும் லாயமும் தந்த விடுதி. 1577இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில், விவரம் கிடைத்த மாவட்டங்களில் மட்டும் ஏறத்தாழ 14,000 ஏல்கடைகளும், 1,600 விடுதிகளும், 300க்குச் சற்று மேற்பட்ட டாவர்ன்களும் இருந்தன. எண்ணிக்கையில் குறைந்திருந்தாலும் பொறுப்பில் விடுதியே கனத்தது: இடமிருந்து, பணம் கொடுக்கத் தயாராகவும் இருக்கும் பயணியைத் தக்க காரணமின்றித் திருப்பி அனுப்பும் உரிமை விடுதிக்காரருக்கு இல்லை; தங்கியவரின் பொருள் விடுதிக்குள் களவுபோனால் அதற்கு ஈடு கட்டவேண்டியவரும் அவரே. டாபர்டு இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதன் ஏலும் அதன் படுக்கையும் அதன் லாயமும் ஒரே வணிகத்தின் மூன்று உறுப்புகள்.

சதர்க்கில் இத்தகைய விடுதிகள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்ததற்குக் காரணம் இலண்டன் பாலம். 1176இல் தொடங்கி 1209இல் முடிக்கப்பட்ட அந்தக் கற்பாலம், 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும்வரை, நகரை அடுத்த பகுதியில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலமாக விளங்கியது. கென்ட், சர்ரே, சசெக்ஸ் ஆகிய தென்மாவட்டங்களிலிருந்தும், டோவர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவிலிருந்தும் வரும் சாலைகள் யாவும் சதர்க்கின் பரோ ஹை ஸ்ட்ரீட் என்னும் ஒரே தெருவில் வந்து குவிந்து, பிறகு பாலத்தில் ஏறின. பாலத்தின்மேல் இருபுறமும் வீடுகளும் கடைகளும் கட்டப்பட்டிருந்தமையால், நடுவே எஞ்சிய பாதை சில இடங்களில் 12 அடிதான் அகலம். நெரிசல் தாங்காமல் 1722இல் வண்டிகள் இடப்பக்கமாகவே செல்லவேண்டும் என்று நகர மேயர் ஆணையிட நேர்ந்தது. இரவில் பாலத்தின் வாயில் அடைக்கப்பட்டது. அந்தி சாய்ந்தபின் வந்தவர் மறுகரைக்குச் செல்ல முடியாது. விடியுமுன் தெற்கே புறப்பட நினைத்தவரும் முதல்நாளே பாலத்தைக் கடந்து தென்கரையில் படுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பாரவண்டிக்காரர்களோ அந்த நெரிசலுக்குள் நுழையவே விரும்பாமல், சரக்கைச் சதர்க்கிலேயே இறக்கிவிட்டுத் திரும்பினர். ஆக, பாலம் இருந்தது என்பதைவிட, பாலம் போதவில்லை என்பதே சதர்க் விடுதிக்காரர்களின் முதலீடு.

ஊருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. இலண்டன் நகராட்சியின் கட்டுப்பாடு ஆற்றின் வடகரையோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது; 1550இல் சதர்க்கின் மீதான அதிகாரத்தை நகராட்சி அரசரிடமிருந்து விலைக்கு வாங்கிய பின்பும், ஊரின் சில பகுதிகள் அதன் கைக்கு எட்டாமலே இருந்தன. வின்செஸ்டர் ஆயரின் தனி ஆட்சிக்குட்பட்ட கிளிங்க் பகுதி அவற்றுள் முக்கியமானது. நகருக்குள் இடம் கிடைக்காத தொழில்கள் பலவும் — பரத்தையர் விடுதிகள், கரடிச் சண்டைக் கூடங்கள், பிற்காலத்தில் ரோஸ், குளோப் போன்ற நாடக அரங்குகள் — இங்கே தழைத்தன. மார்ஷல்சீ, கிங்ஸ் பெஞ்ச், கிளிங்க் என்று சிறைச்சாலைகளுக்கும் குறைவில்லை. யாத்திரை கிளம்பும் பக்தரும் கடனில் சிறைபட்டவரும் ஒரே தெருவில் வசித்த ஊர் இது.

இந்தத் தெருவில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1307ஐ ஒட்டி, வின்செஸ்டர் நகரிலிருந்த ஹைடு மடத்தின் தலைவர் நிலம் வாங்கினார். அக்கால மடாதிபதிகள் பெருநிலக்கிழார்களும்கூட. நாடாளுமன்றத்துக்கும் அரசவைக்கும் அடிக்கடி வரவேண்டியிருந்தமையால், தலைநகரை ஒட்டித் தங்களுக்கென்று மாளிகை வைத்துக்கொள்வது அவர்களுக்கு வழக்கம். ஹைடு மடாதிபதி வாங்கிய நிலத்தின் ஒரு பகுதி அவருடைய தங்குமனையாயிற்று. தெருவை ஒட்டிய பகுதி விடுதியாகி வருமானம் ஈட்டியது. கட்டியக்காரர்கள் தங்கள் சட்டைக்குமேல் அணியும், கையில்லாததோ குறுங்கையுடையதோ ஆன மேலங்கிக்கு டாபர்டு என்று பெயர். அதன் உருவமே விடுதியின் அடையாளப் பலகையாகத் தொங்கியது. எழுத்தறியாதவர் மிகுந்த காலத்தில் கடைக்குப் பெயர் என்பது வாசிக்கத்தக்கதாக அல்ல, தூரத்திலிருந்து பார்த்தே அடையாளம் காணத்தக்கதாக இருக்கவேண்டியிருந்தது.

மடாதிபதியின் முதலீடு வீண்போகாமல் காத்தவர்கள் கேன்டர்பரி யாத்திரிகர்கள். கேன்டர்பரியின் பேராயராக இருந்த தாமஸ் பெக்கெட், அரசர் இரண்டாம் ஹென்றியோடு திருச்சபை உரிமைகள் குறித்து மோதி, 1170 டிசம்பர் 29 அன்று தம்முடைய பேராலயத்துக்குள்ளேயே அரசரின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவிக்க, அவருடைய சமாதி இங்கிலாந்தின் முதன்மையான யாத்திரைத் தலமாயிற்று. இலண்டனிலிருந்து அதற்கு ஏறத்தாழ 60 மைல். குதிரையில் நிதானமாகச் சென்றால் மூன்று நான்கு நாள் பயணம். இலண்டன் பாலத்தின் நடுவிலேயே பெக்கெட்டின் பெயரில் ஒரு சிற்றாலயம் இருந்தது; நகரிலிருந்து கிளம்புவோர் அங்கு வணங்கிவிட்டுப் பாலத்தின் தென்முனையில் இறங்கினால், எதிரே நீண்டுகிடந்த தெருவில் முதல் இரவுக்கான படுக்கைகள் காத்திருந்தன.

சாசர் இந்தத் தெருவை நன்கு அறிந்தவர். 1374 முதல் 1386 வரை இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தின் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்த அவர், 1386இல் கென்ட் மாவட்டத்தின் உறுப்பினராக நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். கென்டுக்கும் இலண்டனுக்கும் இடையே போய்வருபவர் எவரும் டாபர்டின் வாயிலைக் கடக்காமல் இருக்க முடியாது. 1387ஐ ஒட்டி அவர் எழுதத் தொடங்கிய ‘கேன்டர்பரி கதைகள்’, ஏப்ரல் மாதத்து மாலையொன்றில் இந்த விடுதிக்கு வந்துசேரும் இருபத்தொன்பது யாத்திரிகர்களோடு ஆரம்பமாகிறது: போர்வீரர், கன்னியர்மடத் தலைவி, மாவரைப்பவர், வணிகர், சமையற்காரர், ஐந்து கணவர்களைக் கண்ட பாத் நகரத்துப் பெண் என்று ஒருவருக்கொருவர் சமூகத்தில் ஒட்டாத கூட்டம் அது. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க அரண்மனையாலும் முடியாது, ஆலயத்தாலும் முடியாது. கூலி கொடுத்தவருக்கெல்லாம் இடமளித்த விடுதி ஒன்றே அக்காலத்தில் அதற்குத் தோதான களம் என்பதைக் கவிஞர் கண்டுகொண்டார்.

அவர் படைத்த விடுதிக்காரரின் பெயர் ஹாரி பெய்லி. பருத்த உடலும் கூசாத பேச்சும் கொண்ட இந்த மனிதரே, வழிநெடுக அலுப்புத் தட்டாமலிருக்க ஒவ்வொருவரும் போகும்போது இரண்டும் வரும்போது இரண்டுமாகக் கதை சொல்லவேண்டும் என்றும், சிறந்த கதைக்குப் பரிசாகத் திரும்பிவந்தபின் எல்லோருடைய செலவிலும் ஒரு விருந்து தரவேண்டும் என்றும் யோசனை சொல்கிறார். தாமும் நடுவராகக் கூடவே வருவதாகவும், தம் சொல்லுக்குக் கட்டுப்படாதவர் வழிச்செலவு முழுவதையும் ஏற்கவேண்டும் என்றும் விதிக்கிறார். விருந்து எங்கே நடக்கும் என்று கேட்கத் தேவையில்லை, அதுவும் டாபர்டில்தான். முப்பது பேருக்கான இன்னொரு இரவு வியாபாரத்தை அப்போதே உறுதிசெய்துகொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தைச் சாசர் விளக்கிச் சொல்வதில்லை. ஆனால் விருந்தினர் உண்டு முடித்து, அன்றைய கணக்கைத் தீர்த்த பிறகுதான் விடுதிக்காரருக்கு உல்லாசப் பேச்சு வருகிறது என்பதை மட்டும் போகிறபோக்கில் பதிவுசெய்துவிடுகிறார். விடுதியைப் பற்றியும் அவர் தருவது ஓரிரு வரிச் செய்தியே: அறைகளும் லாயங்களும் விசாலமானவை, கவனிப்பு நன்றாக இருந்தது, அருகில் பெல் என்ற இன்னொரு விடுதி உண்டு. லாயத்தை அறைக்கு இணையாகச் சேர்த்துச் சொன்னதில்தான் பயணியின் கண் தெரிகிறது. ஊரின் சரக்குக்கும் நூலில் இடமுண்டு: தள்ளாடும் மாவரைப்பவர், தம் கதையில் ஏதேனும் தவறு நேர்ந்தால் பழியைச் சதர்க்கின் ஏல்மீது போட்டுவிடுமாறு முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்.

ஹாரி பெய்லி வெறும் கற்பனையல்லர் என்பதே இதில் சுவையான செய்தி. ஹென்றி பெய்லி என்ற பெயருடைய ஒருவர் 1376இலும் 1378இலும் கூடிய நாடாளுமன்றங்களில் சதர்க்கின் உறுப்பினராக இருந்திருக்கிறார். 1380–81ஆம் ஆண்டின் தலைவரிப் பதிவேட்டில் அதே ஊரில் விடுதி நடத்துபவர் என்ற குறிப்போடு அவர் பெயரும், கிறிஸ்டியன் என்னும் அவருடைய மனைவியின் பெயரும் இடம்பெற்று, இருவருக்குமாக இரண்டு ஷில்லிங் வரி விதிக்கப்பட்டிருக்கிறது. கதையில் வரும் விடுதிக்காரரோ தம் மனைவிக்கு வேறு பெயர் சொல்லி, அவளுடைய கோபத்தையும் புஜபலத்தையும் பற்றி யாத்திரிகர்களிடம் புலம்புகிறார். உயிரோடிருந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை, ஊரே அறிந்த விடுதிக்காரரை, இப்படி மனைவிக்கு அஞ்சியவராக எழுதிவைக்கும் துணிவு சாசருக்கு இருந்தது. நண்பர்களுக்கிடையிலான கேலியாக அது இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பரிசு விருந்து மட்டும் கடைசிவரை நடக்கவில்லை. இருபத்துநான்கு கதைகளோடு நூல் முற்றுப்பெறாமல் நிற்க, சாசர் 1400இல் மறைந்தார்.

விடுதியைப் பெற்றெடுத்த இரண்டு நிறுவனங்களும் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன. திருச்சபையை ரோமிலிருந்து பிரித்துத் தாமே அதன் தலைவரான எட்டாம் ஹென்றி, நாடெங்கும் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டபோது, 1538இல் ஹைடு மடமும் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் கேன்டர்பரியில் பெக்கெட்டின் சமாதியும் உடைத்தெறியப்பட்டு, அதில் பதிந்திருந்த பொன்னும் மணியும் அரசுக் கருவூலத்துக்குச் சென்றன. உரிமையாளரான மடமும் இல்லை, வாடிக்கையாளரான யாத்திரிகரும் இல்லை. பக்தியை மட்டுமே நம்பி எழுந்த விடுதியாக இருந்திருந்தால் டாபர்டு அத்துடன் கதவடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. சொத்து தனியார் கைக்கு மாறியது. யாத்திரிகர் விட்ட இடத்தைச் சரக்கு வண்டிகள் நிரப்பின. 1598இல் இலண்டனின் இடங்களை விவரித்து நூல் எழுதிய ஜான் ஸ்டோ, சதர்க்கின் சிறந்த விடுதிகளாக ஸ்பர், கிறிஸ்டோபர், புல், குயின்ஸ் ஹெட், டாபர்டு, ஜார்ஜ், ஹார்ட், கிங்ஸ் ஹெட் என வரிசைப்படுத்தி, அவற்றுள் மிகப் பழமையானதாக டாபர்டைத் தனித்துக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்த விடுதிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை. தெருமுகப்பு விலைமதிப்பு மிக்கதாகையால் மனைகள் குறுகலாகவும் பின்னோக்கி நீண்டும் கிடந்தன. முகப்பில் ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய வளைவு வாயில், அதைத் தாண்டினால் கல் பாவிய நீண்ட முற்றம், முற்றத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்குகளாக மரத்தூண்கள் தாங்கிய மாடித் தாழ்வாரங்கள், அந்தத் தாழ்வாரங்களில் திறக்கும் படுக்கையறைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் லாயங்களும் வைக்கோல் பரண்களும் சரக்கறைகளும். அறையை அடையத் தாழ்வாரத்தின் வழியே வெட்டவெளிக் காற்றில் நடக்கவேண்டும். மழைநாளில் அது சுகமாக இருந்திருக்காது. ஆனால் முற்றத்தில் நிற்கும் தம் வண்டியையும் குதிரையையும் மேலிருந்தே கண்காணிக்க முடிந்தது, திருட்டுப் பயம் மிகுந்த அந்நாளில் வணிகருக்குப் பெரிய ஆறுதல். தனி நாடக அரங்குகள் தோன்றுவதற்கு முன், இலண்டன் வட்டாரத்து விடுதி முற்றங்கள் சிலவற்றில் மேடையிட்டு நடிகர் குழுக்கள் நாடகம் போட்டதும் இதே அமைப்பின் வசதியால்தான்.

1637இல் ஜான் டெய்லர் என்பவர், எந்த ஊர்ச் சரக்கு வண்டி எந்த நாளில் எந்த விடுதிக்கு வந்து திரும்பும் என்பதைத் தொகுத்துச் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டார். கென்டிலிருக்கும் மகனுக்குக் கடிதமோ மூட்டையோ அனுப்ப விரும்பும் இலண்டன்வாசி, உரிய கிழமையில் சதர்க்கின் உரிய விடுதிக்குச் சென்று அந்த வண்டிக்காரரைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு. தங்குமிடம் என்பதோடு, சரக்குக் கிடங்கு, அஞ்சல் நிலையம், வணிகர் பேரம் பேசும் சந்தை ஆகிய வேலைகளையும் விடுதியே செய்தது. மதுவுக்குக் கசப்பும் நீடித்த ஆயுளும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடிப் பூக்கள் கென்டில் பெருவாரியாக விளைந்தமையால், அவற்றின் மூட்டைகள் வந்திறங்கும் மையமாகவும் இந்தத் தெரு மாறியது.

1676 மே மாதம் 26ஆம் நாள் சதர்க்கில் மூண்ட பெருந்தீ, ஏறத்தாழ 500 வீடுகளோடு சாசர் அறிந்த டாபர்டையும் விழுங்கியது. இலண்டன் நகரின் 1666ஆம் ஆண்டுத் தீயை உலகம் அறியும். பத்தாண்டுகள் கழித்துத் தென்கரையில் நேர்ந்த இதை நினைப்பவர் குறைவு. விடுதிக்காரர்கள் காலம் தாழ்த்தாமல் பழைய மனைகளின்மேலேயே, பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டிக்கொண்டார்கள். தாழ்வாரங்களும் முற்றமும் மறுபடி எழுந்தன. பெயர் மட்டும் மாறியது. மேலங்கியின் படம் இருந்த இடத்தில் டால்பட் என்னும் வேட்டைநாயின் படம் ஏறியது. ஒலி நெருக்கத்தால் நேர்ந்த குழப்பம் இது என்பதும், பழைய பெயரின் அருமை தெரியாத விடுதிக்காரரின் வேலை என்பதும் அக்காலத்து எழுத்தாளர் ஜான் ஆப்ரியின் எரிச்சல்.

ஆனால் பழைய பெயரின் வியாபார மதிப்பு விடுதிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெருவின் குறுக்கே போட்ட உத்தரத்தில் தொங்கிய பலகை, சர் ஜெஃப்ரி சாசரும் இருபத்தொன்பது யாத்திரிகர்களும் 1383இல் கேன்டர்பரி செல்லும் வழியில் தங்கிய விடுதி இதுவே என்று அறிவித்தது. ஒரே வாசகத்தில் எத்தனை பிழைகள்: சாசர் ‘சர்’ பட்டம் பெற்றவரல்லர், அவர் நூலை எழுதத் தொடங்கியதே 1383க்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர், யாத்திரிகர்களோ கவிஞரின் படைப்புகள், அவர்கள் தங்கியதாகச் சொல்லப்பட்ட கட்டடமும் தீயில் போய்விட்டது. தெருக்களில் நீட்டிக்கொண்டிருந்த பலகைகளை அகற்றும் நடவடிக்கையில் 1760களில் அந்தப் பலகையும் இறக்கப்பட்டது. அது சொன்ன கதை இறங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பார்வையாளர்களுக்கு யாத்திரிகர்கள் உணவருந்திய அறை என்று ஓர் அறை காட்டப்பட்டது, அவர்களும் பரவசத்தோடு பார்த்துச் சென்றார்கள். 1810இல் வில்லியம் பிளேக் செதுக்கி வெளியிட்ட புகழ்பெற்ற சித்திரத்திலும் யாத்திரிகர் ஊர்வலம் டாபர்டின் வாயிலிலிருந்தே கிளம்புகிறது. தீக்குப் பிந்திய கட்டடத்துக்கு அதற்குள் நூற்றைம்பது வயது ஆகப்போகிறது என்பதால் அதுவும் பழமையானதாகத் தோற்றமளித்ததில் வியப்பில்லை.

புகழ் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் விடுதியின் அடித்தளம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும் 1769இல் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலமும் திறக்கப்பட்டன. இலண்டன் பாலத்தின் மேலிருந்த வீடுகள் 1758 முதல் 1762க்குள் இடிக்கப்பட்டுப் பாதை அகலமாயிற்று. 1819இல் சதர்க் பாலம் வந்தது. 1831இல் பழைய இலண்டன் பாலத்தின் இடத்தில் விசாலமான புதுப் பாலமே திறக்கப்பட்டது. ஆற்றைக் கடப்பது எளிதாக எளிதாகச் சதர்க்கில் இரவைக் கழிக்கவேண்டிய கட்டாயம் குறைந்தது. இருந்தும் கோச்சு வண்டிகள் பெருகிய காலமாதலால் விடுதிகள் தாக்குப்பிடித்தன. இறுதி அடி 1836 டிசம்பரில் விழுந்தது. டாபர்டிலிருந்து சில நிமிட நடைதூரத்தில், இலண்டனின் முதல் ரயில் முனையமான இலண்டன் பாலம் நிலையம் திறக்கப்பட்டது. 1844இல் டோவர்வரையிலும் 1846இல் கேன்டர்பரிவரையிலும் இருப்புப்பாதை சென்றுசேர்ந்தது. சாசரின் யாத்திரிகர்கள் நான்கு நாளில் கதைசொல்லிக்கொண்டு போன தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்கமுடியும் என்றானபின், வழியில் தங்குவதற்கு யாருக்கு என்ன தேவை?

இந்த மாற்றத்தை அது நடக்கும்போதே கவனித்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1824இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அருகிலிருந்த லான்ட் தெருவில் தங்கியிருந்தவருக்கு இந்த வட்டாரம் அத்துப்படி. 1836–37இல் அவர் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில், பக்கத்து விடுதியான ஒயிட் ஹார்ட்டின் முற்றத்தில் வேலைக்காரர் சாம் வெல்லர் வந்தவர்களின் காலணிகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கும் காட்சிக்கு முன்னுரையாக, இத்தகைய பழைய விடுதிகள் சதர்க்கில் இன்னும் சிலவே மிஞ்சியிருக்கின்றன என்றும், அவை நாட்டுப்புற வண்டிகளின் தங்குமிடமாகச் சுருங்கிவிட்டன என்றும் குறிப்பிட்டுவிடுகிறார். 1450இல் அரசுக்கெதிராகக் கிளர்ந்த ஜாக் கேட் தலைமையிடமாகக் கொண்ட ஒயிட் ஹார்ட்டுக்கே அந்த நிலையென்றால், மற்றவை எம்மாத்திரம்? டாபர்டின் முற்றமும் படிப்படியாகச் சரக்குக் கிடங்காயிற்று. படுக்கையறைகள் அலுவலகங்களாகவும் வாடகை அறைகளாகவும் மாறின.

1873இல் அது இடிக்கப்பட்டபோது வருந்தியவர்கள் இருந்தனர். தடுக்கத்தக்க சட்டமோ அமைப்போ இருக்கவில்லை. இலண்டனின் மறைந்துவரும் கட்டடங்களைப் படமெடுத்து வைப்பதற்கான சங்கம், ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற வேறொரு விடுதி இடிபட இருந்தபோது, 1875இல்தான் தோன்றியது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று வில்லியம் மாரிஸ் தொடங்கிய சங்கத்தின் ஆண்டு 1877. தொன்மச் சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் வந்தபோதும் அது கல்வட்டங்கள் போன்ற வரலாற்றுக்கு முந்திய சின்னங்களையே பட்டியலிட்டது, ஆள் புழங்கும் கட்டடங்களை அல்ல. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் டாபர்டு தப்பியிருக்கும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் முடியாது. இந்தச் சங்கங்கள் எல்லாம் இயங்கிக்கொண்டிருந்த 1889இலேயே ஒயிட் ஹார்ட் இடிக்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரை ஈந்த ஜான் ஹார்வர்டின் குடும்பச் சொத்தாயிருந்த குயின்ஸ் ஹெட்டும் நிலைக்கவில்லை.

தப்பியது ஜார்ஜ் ஒன்றே, அதுவும் முழுமையாக அல்ல. 1676ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து மறுஆண்டு மீண்டும் எழுந்த அந்த விடுதியை கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் 1874இல் வாங்கித் தன் சரக்குக் கிடங்காக்கி, 1889இல் முற்றத்தின் மூன்று பக்கங்களில் இரண்டை இடித்துத் தள்ளியது. எஞ்சிய தென்பக்கத்தை 1937இல் ரயில் நிறுவனமே மரபுச்சின்னங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இலண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு நிலைத்திருக்கும் ஒரே பழைய விடுதி இன்று அதுதான்; டாபர்டின் தோற்றத்தைக் கற்பனை செய்துகொள்ள விரும்புவோர் அங்கு சென்று ஒரு குவளை ஏலும் அருந்தலாம். டாபர்டு நின்ற மனையில் டால்பட் யார்டு என்ற குறுஞ்சந்து இருக்கிறது. சாசரைப் பற்றி நூல் எழுதிய நகைச்சுவை நடிகர் டெர்ரி ஜோன்ஸ் 2003இல் அங்கே நினைவுப் பலகையொன்றைத் திறந்துவைத்தார். யாத்திரிகர்கள் கிளம்பிச் சென்ற பழைய கென்ட் தெருவுக்கு, விடுதி இடிக்கப்பட்ட நான்காம் ஆண்டில், டாபர்டு தெரு என்று பெயரிட்டிருந்தார்கள்.

பெயர் அத்தோடு நிற்கவில்லை. 1880இல் இலண்டனின் மேற்குப் புறநகரான சிசிக்கில், பெட்ஃபோர்டு பார்க் என்னும் புதுக் குடியிருப்புக்காகக் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா பழைய பாணியில் வடிவமைத்த மதுச்சாலைக்கு டாபர்டு என்றே பெயர் சூட்டப்பட்டது. வில்லியம் டி மார்கன், வால்டர் கிரேன் ஆகியோரின் ஓடுகள் அதன் உட்சுவர்களை அலங்கரித்தன. அந்தக் குடியிருப்பு அங்கே உருவானதற்கும், அதற்கொரு பப் தேவைப்பட்டதற்கும் காரணம், 1869இல் அருகில் திறக்கப்பட்ட டர்னம் கிரீன் ரயில் நிலையம்.